முள்வேலிக்குள் மாணவர் மன்றம்: மன்சனார் உயர்நிலைப் பள்ளி, 1942–45

எந்தப் பள்ளியின் ஆண்டு மலரைப் புரட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். வகுப்புவாரியாகக் குரூப் போட்டோ, பாட்டுக் குழு, நாடகக் குழு, மார்பில் கை கட்டி நிற்கும் விளையாட்டு அணி, கடைசிப் பக்கங்களில் நண்பர்கள் கையெழுத்துப் போட இடம். 1944-இல் கலிஃபோர்னியாவின் மன்சனார் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கொண்டுவந்த ‘அவர் வேர்ல்டு’ என்ற மலரும் அப்படித்தான். ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் கைநிறையப் புத்தகத்தோடு நடக்கிறார்கள். உற்சாகக் குழுப் பெண்கள் துள்ளுகிறார்கள். படத்தின் பின்னணியைப் பார்த்தால்தான் சுருக்கென்று தைக்கிறது. அவர்கள் நடந்துபோவது தார்க்காகிதம் ஒட்டிய பலகைக் கொட்டகைகளுக்கு நடுவே. அந்தக் கொட்டகைகளைச் சுற்றி முள்கம்பி வேலி, 8 காவல் கோபுரங்கள், துப்பாக்கியோடு ராணுவப் போலீஸ். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம் அது.

மலருக்கு ‘நம் உலகம்’ என்று பெயர் வைத்ததில் கிண்டல் இருந்ததா என்று முதலில் யோசித்தேன். முன்னுரை அப்படிச் சொல்லவில்லை. பள்ளி திறந்த நாளிலிருந்து, முன்பு சொந்த ஊரில் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பக்கத்திலாவது போய்விட வேண்டும் என்றுதான் எல்லாம் செய்தோம் என்ற கருத்தில் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் யாராவது மன்சனார் என்றால் என்ன என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு பதிவு இருக்கட்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

போர்க்காலத்தில் ஒரு பள்ளியின் மாணவர் மன்றங்கள் என்ன செய்தன, யாருக்காகச் செய்தன என்று பார்க்க இதைவிடக் கூர்மையான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

வேலி வந்த கதை

1941 டிசம்பர் 7-இல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19-இல் அதிபர் ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். அந்த ஆணையில் ‘ஜப்பானியர்’ என்ற சொல்லே கிடையாது. ராணுவம் குறித்துக் கொடுக்கும் பகுதிகளிலிருந்து யாரை வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்று மட்டும் இருந்தது. மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களோ 1,10,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். அவர்களுக்காக 10 முகாம்கள் எழுந்தன.

முதலில் ஆள் வந்து இறங்கிய முகாம் மன்சனார். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே சுமார் 350 கிலோமீட்டரில், சியரா நெவாடா மலைச்சுவரின் காலடியில், ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மன்சனார் என்றால் ஸ்பானிஷில் ஆப்பிள் தோட்டம். ஒரு காலத்தில் உண்மையாகவே அங்கே தோட்டங்கள் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பள்ளத்தாக்கின் நிலத்தையும் நீரையும் வாங்கிக்கொண்டபின் ஊர் காலியானது. மிஞ்சியது சில மரங்களும் ஓயாத தூசிக் காற்றும். அங்கே ஒரு சதுர மைல் பரப்பில் 36 பிளாக்குகள், பிளாக்குக்கு 14 கொட்டகை என்று அடித்துப் போட்டார்கள். ஒவ்வொன்றும் 100 அடி நீளம், 20 அடி அகலம். அதை நான்காகத் தடுத்து, ஒரு தடுப்புக்குள் எட்டுப் பேர்வரை குடியேற்றினார்கள். ஒரு குடும்பத்தில் எட்டுப் பேர் இல்லையென்றால் முன்பின் தெரியாதவர்களும் அதே அறையில்தான். 1942 செப்டம்பரில் முகாமின் மக்கள்தொகை 10,046.

அவர்களில் பெரும்பாலோர் லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள். பெல்மாண்ட், ரூஸ்வெல்ட் என்று பெரிய நகரத்துப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நடுப்பருவத்தில் பெட்டியைக் கட்டி வந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவு மீனவக் குடும்பங்களுக்குக் கிடைத்த அவகாசம் 48 மணி நேரம். கையில் தூக்க முடிந்ததை மட்டும்தான் எடுத்துவரலாம்.

தரையில் உட்கார்ந்த பள்ளி

1942 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளி திறந்தது. அதற்கென்று கட்டடம் எழுப்பவில்லை. 7-ஆம் பிளாக்கின் கொட்டகைகளையே வகுப்பறை என்று அறிவித்தார்கள். மேசை இல்லை, நாற்காலி இல்லை, புத்தகம் போதாது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். நம் ஊரில் தரையில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அந்தத் தரை பச்சைப் பலகையால் அடித்தது. காயக் காயப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, அந்த வழியாக மண் மேலே எழும்பும். மத்தியானம் காற்று கிளம்பினால் புத்தகத்தின் மேல் விரலால் பெயர் எழுதலாம்.

வெளியிலிருந்து வேலைக்கு எடுத்த வெள்ளைக்கார ஆசிரியர்களுக்கு அரசுச் சம்பளம். முகாம்வாசிகளாக இருந்த உதவி ஆசிரியர்களுக்கு, பட்டதாரியாகவே இருந்தாலும், மாதம் அதிகபட்சம் 19 டாலர். முகாம் முழுக்க 12, 16, 19 என்று மூன்றே படிகள். டாக்டருக்கும் அதே 19 தான்.

முகாம்களை நடத்திய போர்க்கால இடமாற்ற ஆணையம் கல்விக்கு ஒரு கொள்கையும் வைத்திருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரின் உதவியோடு 1942 கோடையில் வகுத்த ‘சமூகப் பள்ளி’ என்ற திட்டம் அது. பள்ளி என்பது சமூகத்தின் மையம்; மாணவர் அங்கே ஜனநாயகத்தைப் பழகிப் பார்க்க வேண்டும்; பேரவை, தேர்தல், மன்றம் எல்லாம் பாடத்தின் ஒரு பகுதி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. விசாரணையே இல்லாமல் வேலிக்குள் அடைத்த பிள்ளைகளுக்கு அரசமைப்புச் சட்டத்தைக் கற்பிக்க வேண்டிய ஆசிரியரை நினைத்துப் பாருங்கள்.

வீடு சுருங்கியது

மன்சனாரில் மன்றங்கள் ஏன் அப்படிப் பெருகின? வழக்கமாகச் சொல்லும் பதில் ‘துன்பத்திலும் தளராத மனம்’. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. என் கண்ணுக்குப் படுவது சாப்பாட்டுக் கூடம்.

பிளாக்குக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம். மூன்று வேளையும் மணி அடித்தால் தட்டோடு வரிசை. சீக்கிரத்திலேயே பிள்ளைகள் அப்பா அம்மாவோடு உட்காருவதை விட்டுவிட்டார்கள், சிநேகிதர்களோடு உட்கார்ந்தார்கள். வேறு பிளாக்கில் சமையல் நன்றாக இருக்கிறது என்று அங்கே ஓடினார்கள். ஜப்பானியக் குடும்பத்தில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம்தான் அப்பா பேசும் நேரம். அந்த நேரம் போய்விட்டது. பல குடும்பங்களில் அப்பாவே இல்லை. பேர்ல் ஹார்பருக்கு அடுத்த நாட்களிலேயே சமூகத் தலைவர்கள், ஜப்பானிய மொழி ஆசிரியர்கள், மீன்பிடிப் படகுக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோரை எஃப்.பி.ஐ. பிடித்துக்கொண்டு போயிருந்தது.

வீட்டுக்குள் இருக்கவும் வழியில்லை. 20 அடிக்கு 25 அடி அறை, நடுவில் போர்வைத் திரை, இரும்புக் கட்டில், வைக்கோல் மெத்தை. கடையைப் பார்த்துக்கொள், தண்ணீர் பாய்ச்சிவிட்டு வா என்று சொல்லக் கடையுமில்லை, வயலுமில்லை. பள்ளி விட்டால் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எங்கே போவான்?

மன்றத்துக்குப் போவான். ‘கேம்பஸ் பெப்பர்’ என்ற மாணவர் செய்தித்தாளுக்கு எழுதுவான். பெயரிலேயே மிளகுக் காரம். வகுப்புத் தலைவர் தேர்தலில் நிற்பான், நாடக ஒத்திகைக்கு உட்காருவான், பாட்டுக் குழுவில் சேருவான். பள்ளிக்கு வெளியே பிளாக்குக்குப் பிளாக் சங்கமும் அணியும் முளைத்தன. பையன்களின் ஒரு சங்கத்துக்குப் பெயர் ‘மன்சா-நைட்ஸ்’. பெண்களின் சாஃப்ட்பால் அணி ஒன்று ‘டஸ்டி சிக்ஸ்’, அதாவது தூசிக் கோழிக்குஞ்சுகள். நடன இசைக் குழுவின் பெயர் ‘ஜைவ் பாம்பர்ஸ்’. ‘டைவ் பாம்பர்’ என்ற குண்டுவீச்சு விமானத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அதை ஆட்டத்துக்குரிய பெயராக்கிக்கொண்டார்கள். என்னை வேலி போட்டு அடைக்காதே என்ற பொருளில் 1944-இல் அமெரிக்கா முழுக்க ஒலித்த ஒரு பாட்டை அந்தக் குழு வேலிக்குள்ளேயே வாசித்தது, பிள்ளைகள் ஆடினார்கள்.

பெற்றோர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதே காட்சி வேறு மாதிரி. இசெய் என்று சொல்லப்படும் முதல் தலைமுறைக்கு அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டத்தில் இடமே இல்லை; அந்தத் தடை விலகியது 1952-இல். முகாம் நிர்வாகத்தில் தேர்ந்தெடுக்கப்படும் பதவி எதற்கும் அவர்கள் நிற்கக்கூடாது என்று ஆணையம் 1942-இல் விதி போட்டது. முப்பது வருடம் இந்த நாட்டில் உழைத்த அப்பாவுக்கு ஒரு பதவியும் கிடையாது. அவருடைய பிள்ளை வகுப்புத் தேர்தலில் வாக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அதுவும் அப்பாவுக்குச் சரியாகப் புரியாத ஆங்கிலத்தில். வீட்டின் அதிகாரம் தலைகீழாகிப்போன இடத்தில்தான் இந்த மன்றங்கள் செழித்தன. இதைச் சொல்லாமல் படங்களை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான்.

ஜப்பானியர் அல்லாத வகுப்புத் தலைவர்

1944-ஆம் ஆண்டு வகுப்பு தலைவராகத் தேர்ந்தெடுத்த பையனின் பெயர் ரால்ஃப் லாசோ. அப்பா மெக்சிகோ வழி, அம்மா அயர்லாந்து வழி. ஜப்பானிய ரத்தம் ஒரு சொட்டுகூடக் கிடையாது.

லாஸ் ஏஞ்சலிஸின் பெல்மாண்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்தவன். சிநேகிதர்கள் பாதிப்பேர் ஜப்பானிய வம்சாவளி. அவர்கள் வீட்டுச் சாமான்களை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுக் கிளம்புவதைப் பார்த்தான். நாங்கள் இல்லாமல் நீ என்ன செய்யப்போகிறாய், நீயும் வாயேன் என்று ஒருவன் கேட்டதாகச் சொல்வார்கள். 1942 மே மாதம், 17 வயதில், ரயிலேறி அவர்களோடு மன்சனார் வந்து சேர்ந்தான். முகாமுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னான். அவர் ஏதோ கோடைக்கால முகாம் என்று நினைத்துக்கொண்டார். நீ ஜப்பானியனா என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் விஷயம் தெரிந்தும் நிர்வாகம் அவனை இருக்க விட்டது. மணவழி உறவுகூட இல்லாமல் தானாகவே வந்து முகாமில் வாழ்ந்தவர் என்று அறியப்படுபவர் அவர் ஒருவர்தான்.

முகாமில் 101 பிள்ளைகள் தங்கிப்போன ஓர் அநாதை இல்லமும் இருந்தது. கைக்குழந்தை ஆனாலும் ஜப்பானிய ரத்தம் என்றால் அபாயம்தான் என்று ராணுவம் முடிவுகட்டியிருந்ததற்கு அந்த இல்லமே சாட்சி. லாசோ அங்கே போய்ப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பான். கூட்டம் சேர்ப்பதிலும் விழா நடத்துவதிலும் கெட்டிக்காரன். இந்த வயதில் ஒரு வகுப்பு யாரைத் தலைவராக்கும்? முதல் மதிப்பெண் வாங்குகிறவனை அல்ல, கூடவே இருப்பவனை. பள்ளியில் படித்த எல்லோருக்கும் இது தெரியும். கூடவே இருப்பது என்பதை அவனைப்போல வேறு யார் நிரூபித்திருக்க முடியும்?

1944 ஆகஸ்டில் ராணுவம் அவனை அழைத்துக்கொண்டது. பசிபிக் போர்முனையில் பணியாற்றி வெண்கல நட்சத்திரப் பதக்கத்தோடு திரும்பினான். பல ஆண்டுகள் கழித்து, முகாம்வாசிகளுக்கு இழப்பீடு கேட்டு நடந்த வழக்குக்கு முன்வந்து பணம் கொடுத்த சிலரில் அவரும் ஒருவர்.

பாட்டு வாத்தியார்

ஒரு மன்றம் உயிரோடு இருக்க ஒரு பித்துப்பிடித்த ஆசிரியர் வேண்டும். மன்சனாரில் அவர் லூயி ஃபிரிசெல், இசை ஆசிரியர். புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1943-இல் வந்து எடுத்த படங்களில் ஒன்றில் அவர் பாட்டுக் குழுவின் முன்னால் நிற்கிறார். அந்தக் குழுவில் மேரி காகெயாமா என்ற மாணவி இருந்தாள். பெற்றோரை இழந்து உடன்பிறந்தவர்களோடு முகாமுக்கு வந்தவள். ஃபிரிசெல் அவளுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்தார், அவள் பாடுவதற்கென்றே பாட்டெழுதினார், மாணவர்களை வைத்து ஓர் இசை நாடகமே போட்டார். முகாமே அவளை ‘மன்சனாரின் பாட்டுக்குருவி’ என்று அழைத்தது.

ஆரம்பத்தில் மேடை என்று ஒன்றும் இல்லை. கூட்டம் என்றால் சாப்பாட்டுக் கூடம், இல்லாவிட்டால் வெட்டவெளி. 1944-இல்தான் முகாம்வாசிகளின் உழைப்பிலேயே ஒரு பெரிய அரங்கம் எழுந்தது. மேடையும் படம் காட்டும் அறையும் உள்ள, முகாமிலேயே கட்டடம் என்று சொல்லத்தக்க கட்டடம்.

அந்த ஆண்டு மலரில் இடம்பெற்ற பள்ளி நாடகம் ‘குரோயிங் பெய்ன்ஸ்’. மெக்கின்டயர் என்ற சாதாரண அமெரிக்கக் குடும்பம். வயசுக் கோளாறில் தடுமாறும் மகனும் மகளும். கையைப் பிசையும் பெற்றோர். எல்லா வேடத்திலும் ஜப்பானியப் பெயர் கொண்ட பிள்ளைகள். ஒரு வீடு, சொந்தமாக ஒரு கூடம், மாடிப்படி, கதவைச் சாத்திக்கொள்ள அறை, இவைதான் மேடையில். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாருக்கும் அப்போது சாத்திக்கொள்ளக் கதவு இல்லை.

மன்றம் எட்டாத இடம்

மன்றங்களை வைத்து முகாமை ஒரு விடுமுறை விடுதியாகக் காட்டிவிடலாம். அன்றைய நிர்வாகத்துக்கும் அந்த ஆசை இருந்தது. அதனால் இரண்டு தேதிகளை இங்கே வைத்தாக வேண்டும்.

பள்ளி திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1942 டிசம்பர் 5 இரவு, நிர்வாகத்துக்கு வேண்டியவர் என்று கருதப்பட்ட ஒருவரை முகமூடி போட்ட சிலர் அடித்தார்கள். சமையலறைத் தொழிலாளர் சங்கம் கட்டிய ஹாரி உவேனோவைக் கைது செய்தார்கள். சர்க்கரையும் இறைச்சியும் திருடுபோகின்றன என்று நிர்வாகத்தார்மேல் அவர் வெளிப்படையாகக் குற்றம்சாட்டி வந்தவர். மறுநாள் மாலை கூட்டம் திரண்டது. ராணுவப் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, பிறகு சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவருக்கு வயது 21, மற்றவருக்கு 17. பதினேழு என்றால் பள்ளி மேல்வகுப்பு வயது. ஜனவரிவரை பள்ளி மூடிக்கிடந்தது.

1943 பிப்ரவரியில் ஒரு படிவம் வந்தது. 17 வயது நிரம்பிய எல்லோரும் நிரப்ப வேண்டும். 27-ஆம் கேள்வி ஆண்களைப் பார்த்து, அமெரிக்கப் படையில் எங்கே அனுப்பினாலும் போரிடுவாயா என்று கேட்டது. 28-ஆம் கேள்வி, அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் உறுதிசொல்லி ஜப்பானியப் பேரரசர்மேல் உள்ள விசுவாசத்தைக் கைவிடுகிறாயா என்று கேட்டது. இல்லாத விசுவாசத்தை எப்படிக் கைவிடுவது? இசெய் பெற்றோருக்கோ அதற்கு ஆம் என்றால் எந்த நாட்டுக்குமே உரியவர்களாக இல்லாமல் போகும் நிலை. அப்பாவும் அம்மாவும் ‘இல்லை’ என்று எழுதினால், குடும்பம் பிரியக்கூடாதே என்று பிள்ளையும் ‘இல்லை’ எழுதினான். அப்படி எழுதியவர்களைப் பிரித்து டூலி லேக் முகாமுக்கு அனுப்பினார்கள். மன்சனாரிலிருந்து பெரிய கூட்டம் போனது 1944 தொடக்கத்தில், அதாவது கல்வியாண்டின் நடுவில். ஒரு பாட்டுக் குழுவிலிருந்து, ஒரு பந்தாட்ட அணியிலிருந்து, ஒரே வாரத்தில் ஆட்கள் காணாமல் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே 1944 ஜனவரியில் நிசெய் என்ற இரண்டாம் தலைமுறை இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையும் வந்துவிட்டது.

வேலிக்கு வெளியே

அதே ஆண்டுகளில் மற்ற அமெரிக்கப் பள்ளிகளின் மன்றங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

1942 தொடக்கத்தில் கடற்படைச் செயலர் ஃபிராங்க் நாக்ஸ் பள்ளிகளிடம் 5,00,000 மாதிரி விமானங்கள் கேட்டார். 50 வகை, எல்லாம் நிஜ விமானத்தின் 72-இல் ஒரு பங்கு அளவு, கறுப்புச் சாயம் பூசி. கணக்கு எளிது: 35 அடி தூரத்தில் தொங்கும் மாதிரி, அரை மைலுக்கு அப்பால் பறக்கும் நிஜ விமானம்போலக் கண்ணுக்குத் தெரியும். வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று படைவீரர்கள் பழக அது போதும். தச்சுப் பட்டறைகளும் விமான மன்றங்களும் மரம் இழைத்தன. அந்தச் செப்டம்பரில் ‘விக்டரி கோர்’ என்ற மாணவர் படை வந்தது. வான், தரை, கடல், உற்பத்தி, சமூக சேவை என்று ஐந்து பிரிவு, நம் என்.சி.சி.யை நினைவூட்டும் தொப்பி, சின்னம், அணிவகுப்பு. 10 சென்ட், 25 சென்ட் தபால்தலை மாதிரி வில்லை வாங்கி ஆல்பத்தில் ஒட்டுவார்கள். 18 டாலர் 75 சென்ட் சேர்ந்தால் பத்து ஆண்டில் 25 டாலராகும் போர்ப் பத்திரம் கிடைக்கும்.

இலவம்பஞ்சுக் கதை தனி. உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்குள் அடைப்பது ஜாவாவின் இலவம்பஞ்சு. 1942-இல் ஜாவா ஜப்பானிடம் போனதும் வரத்து நின்றது. மாற்றாக, நம் எருக்கின் உறவான ஒரு வட அமெரிக்கச் செடியின் காய்ப்பஞ்சைப் பிடித்தார்கள். 1944-இல் பள்ளிப் பிள்ளைகள் கோணிப்பையோடு சாலையோரம், தரிசுக்காடு என்று அலைந்தார்கள். இரண்டு பைக் காய், ஓர் உயிர் என்பது அவர்களுக்குச் சொன்ன கணக்கு.

ஆக, வெளியே சுதந்திரமாக இருந்த பள்ளிகள் மன்றங்களைப் பட்டாளமாக மாற்றிக்கொண்டிருந்தன. துப்பாக்கியின் நிழலில் இருந்த பள்ளியோ பட்டாளம் பக்கத்திலேயே இல்லாததுபோல நடனமும் நாடகமும் போட்டது. எது போர்க்காலப் பள்ளி என்று இரண்டு ஆண்டு மலர்களை மட்டும் கொடுத்துக் கேட்டால், நிச்சயம் தப்பாகத்தான் சொல்வோம்.

சாப்பாட்டுப் பெட்டி கேமரா

மலருக்குப் படம் எடுத்தவர் டோயோ மியாடகே. லாஸ் ஏஞ்சலிஸின் லிட்டில் டோக்கியோவில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். முகாமில் ஜப்பானியர் கேமரா வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் ஒரு லென்ஸையும் ஃபிலிம் மாட்டும் சட்டத்தையும் ஒளித்து எடுத்துவந்தார். முகாமிலிருந்த தச்சர் ஒருவர் மரத்தில் பெட்டி செய்து கொடுத்தார், பார்க்கச் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி. நடக்கிறதைப் பதிவு செய்வது தன் கடமை என்று பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தன் மகனிடம் சொல்லியிருந்தார். விஷயம் வெளியே தெரிந்தபோது முகாம் இயக்குநர் ரால்ஃப் மெரிட் தண்டிக்கவில்லை. படம் எடுக்கலாம், ஆனால் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து பட்டனை அழுத்த வேண்டும் என்று ஏற்பாடானது. கோணம், ஒளி, நேரம் எல்லாம் மியாடகே; ஒரு விரல் மட்டும் அரசாங்கத்துடையது. கொஞ்ச நாளில் அந்தக் கேலிக்கூத்தும் நின்றது, அவரே முகாமின் புகைப்படக்காரர் ஆனார்.

ஆடம்ஸின் படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். மலைக்கு முன்னால் கோலைச் சுழற்றும் பெண், வாலிபால், கால்பந்துப் பயிற்சி, உயர்நிலைப் பள்ளி இடைவேளை. எல்லாம் பளிங்குபோல் இருக்கும். கோபுரத்தையும் வேலியையும் காவலரையும் படம் எடுக்க அவருக்கு அனுமதி இல்லை. அவர் எடுத்த பிள்ளைகள் கண்ணியமாக இருக்கிறார்கள். மியாடகே எடுத்த பிள்ளைகள் வகுப்புத் தோழர்களாக இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

பள்ளியின் கடைசி மலர் 1945-இல் வந்தது. பெயர் ‘வாலிடிக்‌ஷன்’, விடைபெறும் உரை. அதில் மியாடகேயின் படம் ஒன்று உண்டு. இருண்ட வானம், தூரத்தில் காவல் கோபுரம், குறுக்கே இழுத்துக் கட்டிய முள்கம்பி. கீழிருந்து ஒரு கை, கையில் கட்டிங் பிளேயர், அதன் வாய் கம்பியைக் கவ்வியிருக்கிறது. அந்தக் கை அவருடைய மகனுடையது. ஆண்டு மலர்க் குழு அதை மலரில் போட்டது. மூன்றாண்டாக எது நம் உலகத்தின் படத்தில் ஓரமாக நின்றதோ, அது இப்போது நடுவில் வந்துவிட்டது.

பிறகு

1945 ஜனவரியில் மேற்குக் கடற்கரைக்குத் திரும்பலாம் என்றார்கள். பலருக்குத் திரும்ப வீடு இல்லை. நவம்பர் 21-இல் முகாமை மூடினார்கள். கொட்டகைகளைப் பிரித்து மரத்தை விற்றார்கள். 1988-இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது.

அரங்கம் மட்டும் நின்றது. கொஞ்ச காலம் முன்னாள் படைவீரர் சங்கத்தின் கூடமாக இருந்தது, பிறகு பல ஆண்டுகள் மாவட்டச் சாலைத் துறையின் லாரிகளும் இயந்திரங்களும் அதற்குள் நின்றன. மன்சனார் 1992-இல் தேசிய வரலாற்றுத் தலமானது. 2004-இல் அந்த அரங்கமே பார்வையாளர் மையமாகத் திறந்தது.

மேரி காகெயாமா முகாமில் சந்தித்த ஷிரோ நோமுரா என்பவரை மணந்துகொண்டார். பக்கத்து ஊரான இண்டிபெண்டன்ஸின் அருங்காட்சியகத்தில் மன்சனார் காட்சியைத் தொடங்கியவர் நோமுராதான். பழைய படமும் பண்டமுமாக வருடக்கணக்கில் சேகரித்தார். மன்சனாருக்கு ஆண்டுதோறும் நடக்கும் நினைவுப் பயணத்தில், தலை நரைத்தபின்னும் மேரி மேடையேறிப் பாடியிருக்கிறார். ஃபிரிசெல் கற்றுக்கொடுத்த பாட்டுகள் அவருக்கு மறக்கவில்லை.